உடல் முழுவதையும் காந்தப் படம் எடுத்தல்: அங்கத்தினர் செய்ய வேண்டிய ஆயத்தம்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், சேயாற்றின் கரையில் அமைந்துள்ள மாகறல், திருஞானசம்பந்தர் பாடிய பழம்பதியாகும். உடற்பிணி நீங்க வேண்டித் திருமாகறலீசர் சன்னதியை நாடி வருவோர் இன்றும் பலர். தறியையும் கழனியையும் நம்பி வாழும் குடும்பங்கள் இவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் மிகுதி. இப்பகுதியில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட நாம் சென்றிருந்தபோது, மூத்த அங்கத்தினர் ஒருவர் கையில் ஓர் அச்சிட்ட துண்டுத்தாளுடன் நம்மை அணுகினார். பட்டு நெசவில் நாற்பது ஆண்டு பழகியவர். சிறிது நிலமும் உடையவர். அத்தாளில், உடல் முழுவதையும் ஒரே முறையில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, மறைந்திருக்கும் நோய்களை எல்லாம் முன்கூட்டியே கண்டறியலாம் என்று சென்னைச் சோதனை நிலையம் ஒன்று விளம்பரம் செய்திருந்தது.

அப்பெரியவரின் மனைவியார் ஈராண்டுகளுக்கு முன் கருப்பைவாய்ப் புற்றுநோயால் காலமானார். நோய் முற்றிய பின்னரே அது வெளிப்பட்டதாம். "ஐயா, அவளை இழந்தது போதும். நகையை அடகு வைத்தாவது மகளையும் மருமகளையும் அழைத்துச் சென்று இந்தப் படத்தை எடுத்துப் பார்த்துவிட எண்ணுகிறேன். சங்கத்தில் நகைக்கடன் கிடைக்குமா? போகுமுன் என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?" என்று அவர் கேட்டார்.

முதல் வினாவுக்கு விடை சங்கத்தின் துணைவிதிகளிலேயே உள்ளது. இரண்டாம் வினாவோ அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இத்தகைய விளம்பரங்கள் இப்பொழுது சிற்றூர்களையும் எட்டிவிட்டன. ஆகவே மருத்துவ அன்பர்களிடம் கேட்டும், நூல்களைப் பயின்றும் அறிந்தவற்றை அங்கத்தினர் அனைவருக்கும் பயன்படும் வண்ணம் இங்கு ஒரு பாடமாகத் தொகுத்துத் தருகின்றோம்.

இக்கருவி யாது?

நம் உடலின் எடையில் பாதிக்கு மேற்பட்டது நீர். நீரின் ஒவ்வொரு துகளிலும் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு உண்டு. இவ்வணுக்களின் கருக்கள் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தம் போன்று இயங்குபவை. மிகவும் வலிமையான காந்தத்தினுள் மனிதரைப் படுக்கவைத்தால், இக்கருக்களில் ஒரு சிறு பகுதி ஒரே திசையை நோக்கி நிற்கும். அப்பொழுது வானொலி அலைகளைச் செலுத்தினால் அவை நிலை மாறும். அலைகளை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்புங்கால் அவை வெளியிடும் மெல்லிய சைகைகளைக் கருவி வாங்கிக்கொள்ளும். கொழுப்பில் உள்ளவை ஒரு விதமாகவும், தசையில் உள்ளவை வேறு விதமாகவும், கட்டியில் உள்ளவை பிறிதொரு விதமாகவும் திரும்புவதால், அவ்வேறுபாடுகளைக் கணிப்பொறி படமாக வரைந்து காட்டுகிறது.

1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த பால் லாட்டர்பர் என்னும் விஞ்ஞானி இவ்வழியில் படம் எடுக்கலாம் என்று வெளியிட்டார். இங்கிலாந்தின் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு அம்முறையை விரைவுபடுத்தினார். இவ்விருவருக்கும் 2003-ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1977-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ரேமண்ட் டமேடியன் என்பவர் மனித உடலை முதன்முதலில் இவ்வாறு படம் எடுத்தபோது, மார்பின் ஒரே ஒரு குறுக்குப் படத்துக்கு ஏறத்தாழ 5 மணி நேரம் ஆயிற்று. இன்றோ தலை முதல் தொடை வரை எடுப்பதற்கு ஒரு மணி நேரம் போதுமானது.

எக்ஸ்-கதிர், சி.டி. ஸ்கேன் ஆகியவற்றில் உள்ள கதிர்வீச்சு இதில் இல்லை என்பது இதன் சிறப்பு. ஆனால் காந்தத்தின் வலிமையை அங்கத்தினர் மறத்தலாகாது. பெரும்பாலான கருவிகளின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா. இது பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு ஆகும். படம் எடுக்காத வேளையிலும் இக்காந்தம் ஓய்வதில்லை. இரவும் பகலும் இயங்கிக்கொண்டே இருக்கும். 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளிக்குத் துணையாக வந்த இளைஞர் ஒருவர் ஆக்சிஜன் உருளையுடன் இவ்வறைக்குள் சென்றார். உருளையைக் காந்தம் இழுத்துக்கொள்ள, அவரும் உடன் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். ஆயத்தம் என்பது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

முதல் ஆயத்தம்: காரணத்தைத் தெளிதல்

சோதனை நிலையத்துக்குப் புறப்படுமுன் மனத்தளவில் செய்ய வேண்டிய ஆயத்தம் ஒன்று உண்டு. "எதற்காகப் போகிறோம்?" என்னும் வினாவுக்கு விடை கண்டுகொள்வதே அது.

நோய்க்குறி உள்ளவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் படம் வேறு. குறி ஒன்றும் இல்லாதவர் தாமே விரும்பி எடுத்துக்கொள்ளும் படம் வேறு. ஒரு கையில் வலுவிழப்பு, நீங்காத தலைவலி, கால் மரத்துப்போதல், காரணமின்றி உடல் மெலிதல் போன்றவை தோன்றி, மருத்துவர் இப்படத்தை எடுக்கச் சொன்னால் தயங்காது எடுத்தல் வேண்டும். எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மைலோமா என்னும் புற்றுநோய்க்கும், பரம்பரையாகப் பல உறுப்புகளில் புற்றுநோய் தோன்றும் சில அரிய குடும்பங்களுக்கும், உடல் முழுவதையும் எடுக்கும் இம்முறை மருத்துவ உலகில் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது.

குறி ஒன்றும் இல்லாத பொதுமக்களுக்கோ எனில், இச்சோதனை ஆயுளை நீட்டிக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று, இப்படங்களையே தொழிலாகப் படித்தறியும் மருத்துவர்களின் சபையாகிய அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2023-ஆம் ஆண்டில் அறிவித்தது. கருவியை இயக்கி வருவாய் பெறும் துறையினரே இவ்வாறு கூறியிருப்பது கருதத்தக்கது.

இதன் காரணத்தை நம் தொழிலிலிருந்தே விளக்கலாம். நெய்து வந்த சேலையைச் சங்கத்தில் வாங்கும்போது நீளம், அகலம், எடை, கோர்வை, ஜரிகையின் தரம் ஆகியவற்றைப் பார்க்கிறோம். அவ்வாறன்றி, சேலை முழுவதையும் பூதக்கண்ணாடி கொண்டு அங்குலம் அங்குலமாகத் துழாவினால் யாது நிகழும்? எத்துணைத் தேர்ந்த நெசவாளியின் சேலையிலும் முடிச்சும் இழைப்பிசகும் தென்படும். அவற்றுள் பெரும்பாலானவை சேலையின் உழைப்பைச் சிறிதும் குறைப்பன அல்ல. ஆயினும் கண்ட பின் கலக்கம் உண்டாகும். பிரித்துப் பார்க்கத் தொடங்கினால் நல்ல சேலையும் பழுதாகும். மனித உடலும் அத்தகையதே. சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, கல்லீரலில் இரத்தநாளக் கட்டி, கழுத்தில் தைராய்டு முடிச்சு என, ஆயுள் முழுவதும் தீங்கு செய்யாத பல பொருள்கள் நம்முள் உறைகின்றன.

முதுகெலும்பைப் பற்றி ஒரு செய்தியைக் குழித்தறியில் அமர்ந்து நெய்வோர் நினைவில் கொள்ளுதல் நலம். முதுகுவலி சிறிதும் இல்லாதவர்களை எடுத்த படங்களை ஒருங்கே ஆராய்ந்து 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 20 வயதினரிடையே 37 சதவீதத்தினருக்கும், 80 வயதினரிடையே 96 சதவீதத்தினருக்கும் முதுகெலும்பு வட்டுகளில் தேய்மானம் காணப்பட்டது. வலியே இல்லாதவர்கள் இவர்கள்! தலைமுடி நரைப்பது போல வட்டு தேய்வதும் வயதின் இயல்பு. படத்தில் தேய்மானம் என்று எழுதியிருப்பதைக் கண்டு அறுவைச் சிகிச்சைக்கு ஓடுதல் தகாது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நலமாக உள்ள 500 அங்கத்தினரைச் சோதிப்பதாகக் கொள்வோம். அவர்களுள் 5 பேருக்குக் கடும் நோய் மறைந்திருப்பதாகவும், கருவி அவர்களில் 4 பேரைச் சரியாகச் சுட்டுவதாகவும் வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 495 பேரில் நூற்றுக்குப் பத்துப் பேரைக் கருவி வீணே ஐயுறுமாயின், அவ்வாறு ஐயுறப்படுவோர் ஏறத்தாழ 50 பேர். ஆக, மேல்சோதனைக்கு அழைக்கப்படும் 54 பேரில் 50 பேர் வீணே அலைவர். ஊசியால் சதை எடுத்துச் சோதித்தல், மீண்டும் மீண்டும் படம் எடுத்தல், வேலை நாட்களை இழத்தல், உறக்கமின்மை ஆகிய அனைத்தும் இவர்களுக்கு நேரும். துண்டுத்தாளில் அச்சிட்டிருப்பது முதல் சோதனையின் கட்டணம் மட்டுமே; பின்தொடரும் செலவுகள் அதில் இல்லை.

இவ்வாறு நேர்ந்ததற்குத் தென்கொரியா சான்று. அந்நாட்டில் கழுத்தை ஒலியலைக் கருவியால் சோதிக்கும் வழக்கம் பரவியது. 2011-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993-இல் இருந்ததைப் போல் 15 மடங்காயிற்று. ஆனால் அந்நோயால் இறப்போர் விகிதம் மாறவே இல்லை. தீங்கு செய்யாத சிறு கட்டிகளுக்காகப் பல்லாயிரவர் அறுவைக்கு உட்பட்டனர் என்பதே இதன் பொருள்.

மற்றொரு செய்தியும் உண்டு. இப்படத்தில் எல்லாம் தெரியும் என்பது உண்மையன்று. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் இதில் தெரியமாட்டா. நுரையீரலின் மிகச் சிறிய கட்டிகள், குடலின் உட்புறச் சிறு முளைகள், கருப்பைவாயின் மேற்பரப்பில் தோன்றும் தொடக்க மாறுதல்கள் ஆகியவற்றையும் இது கண்டுகொள்ள வல்லதன்று. ஆகவே "படத்தில் ஒன்றும் இல்லை" என்ற முடிவைப் பெற்றவர், பின்னர் இரத்தப்போக்கோ கட்டியோ தோன்றும்போது அதனை அலட்சியம் செய்தால் பெருந்தீங்கு விளையும். மேலும், இச்சோதனையைத் தடுப்புச் சோதனை என்று அழைப்பதும் பொருந்தாது. கண்டறிதல் வேறு, தடுத்தல் வேறு. புகையிலையை விடுதல் தடுத்தல். தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் தடுத்தல். படம் எடுத்தல் கண்டறிதல் மட்டுமே.

இவற்றையெல்லாம் ஆய்ந்த பின்னும் போவதென முடிவு செய்தோரும், மருத்துவர் சொல்லிப் போவோரும் கீழ்வரும் ஆயத்தங்களைச் செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் ஆயத்தம்: சொல்ல வேண்டியவற்றை மறையாது சொல்லுதல்

நிலையத்தில் ஒரு வினாத்தாள் தருவார்கள். அதனை அவசரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடலாகாது. எழுதப் படிக்க இயலாதோர் உடன் வந்தவரைக் கொண்டு ஒவ்வொரு வினாவையும் படிக்கச் செய்து விடையளிக்க வேண்டும். குறிப்பாகச் சொல்ல வேண்டியவை வருமாறு:

1. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர், செவியினுள் பொருத்திய கேட்கும் கருவி, மூளையின் இரத்தக் குழாயில் இட்ட கவ்வி, இன்சுலின் செலுத்தும் கருவி ஆகியவை இருந்தால் கட்டாயம் கூறுக. அவற்றுள் சில இக்காந்தத்துக்கு ஏற்றவை. சில உயிருக்கே ஊறு செய்பவை. அறுவை செய்த மருத்துவமனையில் கொடுத்த அட்டையைக் காட்டினாலன்றி இன்னது என அறிய இயலாது.

2. எலும்பு முறிவுக்கு வைத்த தகடு, மாற்றிய இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு, இதயக் குழாயில் வைத்த ஸ்டென்ட், கருத்தடைக்கான காப்பர்-டி ஆகியவற்றையும் கூறுக. இவை உள்ளவர்களுள் பலருக்கும் படம் எடுக்க இயலும். ஆயினும் முன்னறிந்திருத்தல் வேண்டும்.

3. வெல்டிங், கடைசல், சாணை பிடித்தல் ஆகிய வேலைகளைச் செய்தவரும், ஏர்க்கருவிகளையும் பம்புசெட்டையும் தாமே பழுது பார்ப்பவரும், எப்பொழுதாவது கண்ணில் இரும்புத் துகள் பட்டதுண்டா என்பதை நினைவுகூர்ந்து சொல்ல வேண்டும். கண்ணினுள் தங்கிய துகள் காந்தத்தால் நகர்ந்து பார்வையைக் கெடுக்கக்கூடும். ஐயமிருப்பின் முதலில் கண்ணை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்ப்பார்கள்.

4. கருவுற்றிருக்கும் பெண்டிரும், அவ்வாறு இருக்கக்கூடும் என ஐயுறுவோரும் அதனைக் கூறுக.

5. சிறுநீரகக் கோளாறு உடையவர் அதனைச் சொல்லுதல் இன்றியமையாதது. சில வேளைகளில் கடோலினியம் என்னும் உலோகம் சேர்ந்த மருந்தை நரம்பின் வழியே செலுத்திப் படம் எடுப்பதுண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு அம்மருந்துகளில் சிலவகை தீங்கு செய்யும். குறியில்லாதவர்க்கு உடல் முழுவதையும் எடுக்கும்போது பெரும்பாலும் இம்மருந்து தேவைப்படுவதில்லை; போடுவார்களாயின் காரணம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

6. மூடிய இடத்தில் மூச்சுத் திணறுவது போன்ற அச்சம் உடையவர் வெட்கப்படாமல் முன்னரே கூறுக. இதற்கும் வழி உண்டு.

முன்பு எடுத்த படங்களையும், அறுவைச் சிகிச்சைக் குறிப்புகளையும், உண்டுவரும் மருந்துகளின் பட்டியலையும் ஒரு பையில் இட்டு உடன் கொண்டுசெல்ல வேண்டும். பழைய படத்திலும் அதே கட்டி அதே அளவில் இருந்தது என்பது தெரிந்தால், மேல்சோதனையின் அலைச்சல் மிச்சமாகும்.

மூன்றாம் ஆயத்தம்: உலோகங்களை அகற்றுதல்

இதில் நம் குடும்பங்களுக்கென்றே சில செய்திகள் உண்டு.

பட்டுச் சேலைக்கும் பட்டுக்கரை வேட்டிக்கும் ஜரிகை அழகு. அந்த ஜரிகையோ பட்டு நூலின் மேல் வெள்ளி, செம்பு ஆகிய இழைகளைச் சுற்றித் தங்க முலாம் ஏற்றியதாகும். வெள்ளியையும் செம்பையும் காந்தம் இழுப்பதில்லை. ஆயினும் அவை மின்சாரத்தை எளிதில் கடத்துபவை. கருவி செலுத்தும் வானொலி அலைகளால் அவற்றில் மின்னோட்டம் உண்டாகிச் சூடேறித் தோலைச் சுடக்கூடும். ஆகவே பெரிய ஊருக்குப் போகிறோம் என்று நல்ல சேலை உடுத்திச் செல்வோர், ஜரிகைக் கரையுள்ள ரவிக்கை உட்பட அனைத்தையும் மாற்றி, நிலையத்தில் தரும் ஆடையையே அணிதல் வேண்டும். நம் கையால் நெய்த பொருள்தானே என்று எண்ணலாகாது.

திருமாங்கல்யத்தைக் கழற்றப் பெண்டிர் பெரிதும் தயங்குவர். இத்தயக்கம் இயல்பானது, அதனை இகழ்தல் முறையன்று. ஆயினும் தாலிக்கொடியில் பெண்கள் ஊக்கு கோத்து வைப்பது வழக்கம். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஊக்கின் எஃகை இழுக்கும். கழுத்தில் உள்ள தங்கமும் அவ்விடத்துப் படத்தைக் கெடுக்கும். மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கோத்து முதல் நாளே அணிந்துகொண்டு, கொடியை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டுச் செல்வது நன்று. பலரும் இவ்வாறே செய்கின்றனர்.

மெட்டி பல ஆண்டுகளாகக் கழற்றப்படாமல் விரலில் இறுகியிருக்கும். நிலையத்தில் போய் முயன்றால் விரல் வீங்கும். முதல் நாள் மாலையே சோப்பு நுரையிட்டு மெல்லக் கழற்றிவிட வேண்டும். மூக்குத்தி, கம்மல், வளையல், கொண்டை ஊசி, அரைஞாண் கொடி, தாயத்து, பல்செட்டு, காது கேட்கும் கருவி, கைக்கடிகாரம், கைபேசி, சாவி, சில்லறை, ஏ.டி.எம். அட்டை ஆகிய அனைத்தையும் நீக்குதல் வேண்டும். கண் மையையும் வீட்டிலேயே கழுவிவிடுக. சில மைகளில் இரும்புச் சேர்மம் உண்டு. உடம்பில் ஒட்டிய மருந்துப் பட்டைகளுள் சிலவற்றில் உலோகத் தாள் இருப்பதால் அவற்றையும் காட்டிக் கேட்க வேண்டும். பச்சை குத்தியுள்ளோர் அதனைச் சொல்லிவிட்டு, அவ்விடத்தில் சூடு தோன்றினால் உடனே தெரிவிக்க வேண்டும்.

துணைக்குச் செல்வோருக்கும் இவ்விதிகள் பொருந்தும். மும்பையில் உயிரிழந்தவர் துணைக்கு வந்தவரே என்பதை மறவாதீர்கள். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், தூக்குப் பாத்திரம் ஆகிய எதனையும் நிலையத்தார் அனுமதியின்றி உள்ளே கொண்டுசெல்லலாகாது.

நான்காம் ஆயத்தம்: உணவும் மருந்தும்

வயிற்றுப் பகுதி தெளிவாகத் தெரிவதற்காகச் சில மணி நேரம் உணவு கொள்ளாமல் வருமாறு பல நிலையங்கள் கூறும். எத்தனை மணி நேரம் என்பதை நாள் குறிக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இரத்தக் கொதிப்புக்கான மாத்திரையைச் சிறிது நீருடன் வழக்கம் போல் உட்கொள்ளலாம். நீரிழிவு உடையவர் தாமாகவே பட்டினி கிடத்தல் ஆபத்தானது. மாத்திரையையும் இன்சுலினையும் எவ்வாறு மாற்றிக்கொள்வது என்று தம் மருத்துவரைக் கேட்டு, காலை முதல் வேளையாக நேரம் பெற்றுக்கொண்டு, படம் முடிந்ததும் உண்பதற்கு உணவையும் உடன் எடுத்துச் செல்க. மாகறல் போன்ற ஊர்களிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் செல்வோர் பயண நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஐந்தாம் ஆயத்தம்: உள்ளே நடப்பதை முன்னரே அறிதல்

கருவி, இருபுறமும் திறந்த ஒரு குழாயைப் போன்றது. படுக்கை மெல்ல உள்ளே நகரும். இயங்கும்போது 100 டெசிபலுக்கு மேலும் ஓசை எழுவதுண்டு. தட்டுவது போலவும் துளைப்பது போலவும் அது மாறி மாறி ஒலிக்கும். பத்துத் தறிகள் ஒருங்கே ஒலிக்கும் கூடத்தில் பழகியவர்க்கும் இது புதிது. காதடைப்பான் தருவார்கள், தரவில்லையெனில் கேட்டுப் பெறுக. கையில் ஒரு ரப்பர் குமிழ் கொடுப்பார்கள். அதனை அழுத்தினால் பணியாளர் உடனே பேசுவார். தோலில் எங்கேனும் சூடு உறைத்தால் பொறுத்துக்கொண்டிராமல் குமிழை அழுத்த வேண்டும்.

கைகளைக் கோத்துக்கொள்வதும் கால்களைப் பின்னிக்கொள்வதும் கூடா; தோலும் தோலும் தொட்டு வளையமானால் அங்குச் சூடேறும். அசையாமல் இருந்தால்தான் படம் தெளிவாகும். சில நேரங்களில் மூச்சை அடக்கச் சொல்வார்கள். வீட்டில் முதல் நாள் படுத்த நிலையில் 15 வினாடி மூச்சை அடக்கி விடும் பயிற்சியைச் சில முறை செய்துகொள்க. போகுமுன் சிறுநீர் கழித்துவிடுக.

முடிவு வந்த பின்

படத்தின் முடிவை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதாலோ, வீதியில் உள்ளோரிடம் காட்டிக் கேட்பதாலோ பயனில்லை. அதனைப் படித்து விளக்கிச் சொல்லும் மருத்துவர் யார் என்பதைச் சோதனைக்கு முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும். அறிக்கையில் எழுதிய ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் கேட்கலாம்: இது தீங்கானதா? ஒன்றும் செய்யாமல் சில மாதம் காத்திருந்து மீண்டும் பார்த்தால் போதுமா? இதனால் என் மருந்தோ வாழ்க்கை முறையோ மாற வேண்டுமா? படங்களை வட்டில் பதித்துத் தருமாறு கேட்டுப் பெற்று வைத்துக்கொள்ளுதல் பின்னாளில் உதவும்.

அருகில் இருக்கும் சோதனைகள்

இனி, அப்பெரியவரின் உள்ளத்தை வருத்திய வினாவுக்கு வருவோம். அவருடைய மனைவியாரின் நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்திருக்கக் கூடியது எது?

உலகச் சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்னும் இருவர் 1968-ஆம் ஆண்டில் வகுத்த நெறிகள் இன்றும் போற்றப்படுகின்றன. நலமாக உள்ளவரைச் சோதிப்பதாயின், நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும். தொடக்க நிலையில் கண்டால் தீர்க்கும் சிகிச்சை இருக்க வேண்டும். செலவு தாங்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பன அவற்றுட் சில. இந்நெறிகளுக்குப் பொருந்திய சோதனை நம் தமிழ்நாட்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டுள்ளது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் 30 வயதிலிருந்து 59 வயது வரையுள்ள பெண்களிடையே பெரியதோர் ஆய்வு நிகழ்ந்தது. பயிற்சி பெற்ற செவிலியர், வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீரில் கலந்து கருப்பைவாயில் தடவிப் பார்த்தனர். மாறுதல் உள்ள இடம் சற்று நேரத்தில் வெண்மையாகத் தோன்றும். 31,343 பெண்கள் ஒரே ஒரு முறை இச்சோதனைக்கு உட்பட்டனர். 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, இச்சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அந்நோயால் நேரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. பல கோடி ரூபாய்க் கருவியன்று. சமையலறையில் உள்ள ஊறுகாய்க் காடியின் சத்தும், ஒரு விளக்கும், பயின்ற செவிலியின் கண்ணுமே இதனைச் சாதித்தன. இதே சோதனை 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு நம் மாநிலத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. மார்பகத்தையும் செவிலியரே சோதித்துச் சொல்வர்.

புகையிலை போடுவோருக்கு வாயைத் திறந்து பார்க்கும் சோதனை ஒன்றே பெரும்பயன் தருவது. திருவனந்தபுரத்தில் நடந்த ஆய்வில், புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்ததை 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காஞ்சி தந்த பேரறிஞர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 1969-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்ததை இம்மாவட்டத்தார் மறவார். காரப்பேட்டையில் அவர் பெயரால் அமைந்த அரசு புற்றுநோய் மருத்துவமனை நமக்கு மிக அண்மையில் உள்ளது. விழுங்கும்போது தடை, ஆறாத வாய்ப்புண், மாதவிலக்கு நின்ற பின் இரத்தப்போக்கு, மார்பில் கட்டி ஆகியவை தோன்றினால் படத்துக்குக் காத்திராமல் நேரே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவ்விடத்தில் படம் தேவையெனக் கருதினால் அவர்களே எழுதித் தருவர். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியே அரசு மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் இப்படங்கள் எடுக்கப்படுகின்றன.

இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ் பணியாளர் வீடு தேடி வந்தே இவற்றைப் பார்த்தனர்.

முடிவுரை

இவற்றை நாம் அப்பெரியவரிடம் விரிவாகச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "மூன்று மாதமாக இரத்தம் பட்டதை அவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை, ஐயா. சுகாதார நிலையம் நடந்து போகும் தூரம்தான்" என்றார். அதற்கு நாம் கூறத்தக்க மறுமொழி ஒன்றும் இல்லை. நாணமும் அறியாமையும் கொண்டுபோன உயிரை எந்தக் கருவியாலும் மீட்க இயலாது.

அவர் நகையை அடகு வைக்கவில்லை. அடுத்த வாரம் மகளும் மருமகளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று வந்தனர் எனச் சங்கச் செயலாளர் தெரிவித்தார். தனியொருவர் செல்லத் தயங்கும் இடத்துக்குப் பத்துப் பேர் சேர்ந்து சென்றால் தயக்கம் நீங்கும். கூட்டுறவின் தத்துவமே இதுதானே! ஒவ்வொரு சங்கமும் ஆண்டுப் பேரவை கூடும் நாளில் கிராமச் செவிலியரை அழைத்து, பெண் அங்கத்தினர்க்கும் அங்கத்தினர் வீட்டுப் பெண்டிர்க்கும் சோதனை நாள் ஒன்றைக் குறித்துக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். இதற்குச் சங்க நிதியிலிருந்து ஒரு ரூபாயும் தேவையில்லை.

அங்கத்தினர் கல்வி வகுப்பில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. நோய்க்குறி உள்ளவர் எடுக்கும் படத்துக்கும், இல்லாதவர் எடுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. ஜரிகைச் சேலையுடன் காந்த அறைக்குள் செல்லலாகாது என்பதன் காரணம் என்ன?

3. துண்டுத்தாளில் கண்ட கட்டணத்துக்கு மேல் நேரக்கூடிய செலவுகள் யாவை? அவை எத்தனை சேலைகளின் நெசவுக் கூலி ஆகும் எனக் கணக்கிடுக.

4. திண்டுக்கல் ஆய்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் யாது?

5. உங்கள் வீட்டில் 30 வயதைக் கடந்த பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் கடைசியாகச் சோதித்துக்கொண்ட நாள் எது?